கிட்ட வந்தால் மூழ்கும் கப்பல்

கல்லூரித் தாளாளர் பொதிராஜ், ரிமோட்டில் ஓடும் குட்டி நீர்மூழ்கிக் கப்பலைத் தானே செய்ததாகச் சொல்லி நீச்சல் குளத்தில் விட்டார். உண்மையில் செய்தவள் ஆய்வக உதவியாளர் அமலி. விருந்தினராக வந்த கடற்படை அதிகாரியின் கண்ணெதிரே அது மூழ்கியது. மூழ்கியதுதான், மேலே வரவில்லை.

அமலி ரிமோட்டை எட்டிப் பார்த்தாள். தாளாளர் அழுத்திய அழுத்தில் ரிமோட்டின் குச்சி, கப்பலைக் கீழே அனுப்பும் பக்கமாகவே சிக்கிக்கொண்டிருந்தது. பேட்டரிக்குள் தண்ணீர் கசிந்தால் எல்லாம் போச்சு.

"ரிமோட்டைக் குடுங்கய்யா."

"நீ தொட்டா என் மானம் போயிரும்," என்று பல்லைக் கடித்தார் அவர். "குளத்துலயும் யாரும் இறங்கக் கூடாது. அது மேல வரலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

ரிமோட் தூரமாகப் போய் சிக்னல் அறுந்தால் கப்பல் தானாக மேலே வரும்படி அவள் அமைத்திருந்தாள்.

"சரிங்கய்யா. வாசல்ல பத்திரிகைக்காரங்க உங்களைத் தேடுறாங்க."

ரிமோட்டும் கையுமாகவே போனார். அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் கப்பல் மிதந்தது. கைதட்டல் கேட்டு ஓடி வந்தார். அது மறுபடி மூழ்கியது.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ஐயா கிட்ட வந்தா மூழ்கும் சார். தள்ளிப் போனா மிதக்கும்."

அதிகாரி, சிக்கிக் கிடந்த ரிமோட் குச்சியையும் அமலியையும் பார்த்துவிட்டுத் தாளாளரிடம் திரும்பினார். "அப்போ நீங்க வாசல்லயே நில்லுங்க. செஞ்சவங்க எனக்கு விளக்கட்டும்."