ஆள் தெரியாத பெட்டிகள்

“மேடம், எல்லாம் செத்துப்போச்சு.”

ஆஸ்பத்திரியின் எந்த மாடியிலும் வைஃபை இல்லை. நர்சுகள் கையில் இருந்த டேப்லெட்டில் மருந்து அளவு வரவில்லை. நவமணி சிஸ்டர் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்.

சொன்னவர் சுடலைமணி. ஐம்பது தாண்டியவர், கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய குரு ஜெபசெல்விக்கு முப்பதுகூட ஆகவில்லை. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். அவள் வேலை மாறி ஓசூர் போகிறாள். திங்கட்கிழமையிலிருந்து நெட்வொர்க் சுடலைமணி பொறுப்பு. அதுவும் இன்றைய வேலை ஒழுங்காக முடிந்தால்தான். இல்லையென்றால் மறுபடி கேபிள்தான் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

வேலை இதுதான். கூரையில் இருக்கிற வைஃபை பெட்டிகளையெல்லாம் மேய்க்கும் கன்ட்ரோலர் ஒரு மென்பொருள். கீழ்த்தளத்து சர்வரில் இருந்தது. இனி அது சென்னை டேட்டா சென்டரில் ஓட வேண்டும்.

“என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“சென்னையில புதுசை ஏத்துனேன். பெட்டிகளுக்கு அதோட அட்ரஸைச் சொன்னேன். பழசை அணைச்சுட்டேன்.”

“பெட்டிகள் அங்க போச்சா?”

“போகுது, வாசலோட திரும்பிருது. புதுசுல ஒரு குறையும் இல்ல மேடம். இதுகதான் பிடிவாதம் பிடிக்குது. சவத்து மூதிக.”

ஜெபசெல்வி சிரித்தாள்.

“உங்க தெருவுல பால்காரர் மாறினாரே. நாய் கடிச்சுதா?”

“இப்ப பாலா முக்கியம்?”

“கடிச்சுதா?”

“இல்ல. பழைய ஆளு கூடவே வந்தாருல்லா. நாயைத் தடவிக் கொடுத்து, ‘நம்ம ஆளுதாம்லே’ன்னு…”

சுடலைமணி பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

ஓடிப்போய்ப் பழைய கன்ட்ரோலரை எழுப்பினார். பெட்டிகள் அதனிடமே திரும்பி வந்தன. புதியதன் அடையாளக் குறியீட்டைப் பழையதில் பதிந்தார். பழையது அதைப் பெட்டிகளுக்குச் சொன்னது. அப்புறம் பெட்டிகளை அனுப்பினார். ஒவ்வொன்றாகச் சென்னைக்குப் போயின. திரும்பவில்லை.

“வந்துட்டு!” என்று நவமணி சிஸ்டர் கத்தினார்.

“இப்ப பழசை அணைக்கலாம்,” என்றாள் ஜெபசெல்வி. அணைத்தார்.

“வாங்க, போவோம்.”

“எங்க மேடம்?”

அவள் அவரை வார்டு வார்டாகக் கூட்டிப்போனாள். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. “இவர் சுடலைமணி. இனி இவர்தான்.”

ஐ.சி.யூ. வாசலில் நவமணி சிஸ்டர் நம்பவில்லை. “கேபிள் அண்ணாச்சியா? இவருக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரியும். ஏணியில ஏறவும் தெரியும். எனக்கு அது வராது.”

சிஸ்டர் சுடலைமணியை மேலும் கீழும் பார்த்தார். “சரி. கூப்பிட்டா எடுக்கணும், ஆமா.”

சுடலைமணி தலையாட்டினார். முகம் சிவந்துவிட்டது.

சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வைஃபை போனால் கூப்பிட: ஜெபசெல்வி. கீழே அவள் நம்பர்.

“இதைக் கிழிச்சுட்டு உங்க பேரை ஒட்டுங்க அண்ணாச்சி.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம்.”

“இருந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க. கிழிங்க.”

சுடலைமணி ஒரு தாளில் தன் பேரையும் நம்பரையும் பெரிதாக எழுதினார். அவள் சீட்டுக்கு ஒரு விரல்கடை மேலே ஒட்டினார்.

கிழிக்கவில்லை.