கண்ணைக் கட்டிய கம்பெனி

கோயமுத்தூரில் செண்பகா என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே மூன்று வாட்ச்மேன்கள். ஆண்டவன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளையைக் கொடுத்திருந்தால்கூட முறை வைத்து ஓட்டியிருப்பார்கள். அவன் அந்த ஒன்றையும் எதிர் பேக்கரி வாசல் வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும் பால்காரர் மாட்டுக்குக் கொடுத்துவிட்டான்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. வண்டி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். இதையே மாற்றிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

மூவரில் நாச்சிமுத்து புத்திசாலி. இதை அவனே சொல்வான். மாரப்பனும் ஆறுச்சாமியும் ஆமாம் என்பார்கள். அவர்கள் ஆமாம் என்றதிலிருந்தே அது எத்தனை தூரம் உண்மை என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் புத்திசாலிக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்காத இடமில்லை, கொடுத்த ஆளில்லை. கடைசியில் பேக்கரி நல்லசாமியின் மகள் பூவாத்தாளைப் பெண் கேட்டுப் போனான். பூவாத்தாள் இவனைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஆனால் நாச்சிமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளைக் கட்டாவிட்டால் இந்த ஜென்மமே வீண் என்று முடிவு செய்துவிட்டான்.

நல்லசாமி முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவர் இல்லை. நயமாகத் தட்டிக்கழிக்கப் பார்த்தார்.

“தம்பி, வாட்ச்மேன் வேலய மட்டும் நம்பிப் புள்ளயக் குடுக்க முடியாதுங்க. அந்த வேலயும் இருக்கட்டும், விட்றாதீங்க. கூடவே கையில ஒரு தொழிலும் இருக்கோணும். அப்பறம் வாங்க, உறுதி வார்த்தை பேசிக்கலாம்.”

நாச்சிமுத்து யோசித்தான். செண்பகாவில் ஜன்னலுக்கும் பஞ்சமில்லை, அழுக்குக்கும் பஞ்சமில்லை. அன்றைக்கே ஜன்னல் துடைக்கும் கம்பெனி ஆரம்பமாயிற்று. ஒரு வாளி, மூன்று துணி, ஒரு கம்பிநார். ‘கையில் தொழில் இருக்க வேண்டும்’ என்று மாமாவே சொல்லிவிட்டதால் வாளியைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டேன் என்றுவிட்டான். சாப்பிடும்போதும் வலது கையில் வாளிதான். சோற்றை ஆறுச்சாமி ஊட்டிவிட்டான்.

கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்கள்: ‘கண்ணாடி துடைத்துத் தரப்படும்.’ முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

“நம்முளது ஜன்னல் கம்பெனிதானுங்ணா? இது ஜன்னலா?” என்றான் மாரப்பன்.

“ஏன், ஜன்னல் இல்லீங்கறயா? மூக்குக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. வாத்தியாரு உள்ள இருந்து எட்டிப் பாக்கறாரு,” என்றான் நாச்சிமுத்து.

ஜன்னல்தான் என்று தீர்மானமாயிற்று. கம்பிநாரைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்கள். வாத்தியார் மாட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, எல்லாமே மங்கலாத் தெரியுது?” என்று அலறினார்.

“கண்ணாடி சுத்தமா இருக்குதுங்க சார். ஊருதான் அழுக்கு,” என்றான் நாச்சிமுத்து. வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

வாத்தியார் புகார் சொன்னதும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் திருமூர்த்தி இறங்கி வந்தார். கறாராகப் பேசுகிற ஆள்.

“இங்க பாருங்கடா. வேல நேரத்துல வேற வேல பாக்கக் கூடாது. பாத்தீங்க, சீட்டக் கிழிச்சிருவேன்!”

அவர் போனதும் மூவரும் பயந்துவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்குத்தான் பயம் அதிகம். வேலை போனாலும் பூவாத்தாள் இல்லை, தொழில் போனாலும் பூவாத்தாள் இல்லை.

ஆறுச்சாமிதான் முதலில் தைரியம் சொன்னான். “சீட்டு ஏற்கெனவே கிழிஞ்சுதானுங்ணா கெடக்குது.”

மூவரும் போய்க் கேட்டருகே கிடந்த வாட்ச்மேன் நாற்காலியைக் குனிந்து பார்த்தார்கள். சீட்டு நடுவில் பிளந்து, உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும் நிலையில் இருந்தது.

“இதுக்கு மேல கிழிக்கறதுக்கு அதுல என்ன இருக்குது? சாரு சும்மா மெரட்டறாரு,” என்றான் மாரப்பன். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு, “அதுவும் போக, பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? செய்யக் கூடாதுன்னு சொன்னாரா?” என்றான்.

“சொல்லலையே,” என்றான் ஆறுச்சாமி.

“அப்ப பாக்காம செஞ்சா?”

இப்பேர்ப்பட்ட யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஆகவே, “இதத்தான் நான் அப்பவே நெனச்சேன்,” என்றான். விஷயம் முடிந்தது.

மறுநாளிலிருந்து டூட்டி நேரத்தில் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு ஜன்னல் துடைத்தார்கள். நாச்சிமுத்து சுற்றுச்சுவரைச் சுத்தமாகத் துடைத்து, ‘இது நல்ல கெட்டிக் கண்ணாடி’ என்று பாராட்டினான். ஆறுச்சாமி தபால்காரரைத் துடைத்தான். மாரப்பன் தெருவைத் தாண்டிப் போய் ஒன்றை அரைமணி நேரம் நுரை போட்டுக் கழுவிவிட்டு, “அண்ணா, இந்த ஜன்னலு மூச்சு விடுதுங்ணா!” என்று குரல் கொடுத்தான்.

“காத்தோட்டமான வீடுடா. பேசாம கழுவு,” என்றான் நாச்சிமுத்து. வேப்பமரத்து மாடு அன்றைக்கு இருந்த பளபளப்பில் பால்காரருக்கே அடையாளம் தெரியவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் நல்லசாமி கவனிக்கவில்லை. வாளியும் கையுமாக இவன் திரிவது மட்டும் அவர் கண்ணில் பட்டது. ஆள் கிறுக்கனாக இருந்தாலும் உழைப்பாளிபோல என்று மனது இளகிவிட்டது. பாவம், நல்ல மனுஷனுக்கும் புத்தி தடுமாறும் நேரம் என்று ஒன்று வருகிறதே.

கூப்பிட்டு, பேக்கரி முகப்பில் இருந்த பெரிய கண்ணாடி ஜன்னலைக் காட்டினார். அதற்குப் பின்னால்தான் கேக்குகளை அடுக்கி வைத்திருப்பார்.

“தம்பி, நாளைக்குக் காலையில சொந்தக்காரங்கள வரச் சொல்லியிருக்கறன். இதத் தொடச்சு வைங்க. கண்ணாடி இருக்கறதே தெரியக் கூடாது. அப்புடிச் செஞ்சுட்டீங்கன்னா, அவங்க முன்னாடியே உறுதி வார்த்தை பேசி முடிச்சிருவோம்.”

சொல்லிவிட்டு, கடையை இவர்களை நம்பி விட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுக்க மாடிக்குப் போனார். நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாளைக்குப் பூவாத்தாள் தனக்கு என்று நினைத்தபோது கண் கலங்கியது. டூட்டி நேரமாதலால் கலங்கிய கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டான்.

மூவரும் உயிரைக் கொடுத்துத் துடைத்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“இப்பத் தொட்டுப் பாரு. தெரியுதா?” என்றான் நாச்சிமுத்து.

“தெரியுதுங்ணா. சில்லுன்னு இருக்குது,” என்றான் ஆறுச்சாமி.

“இன்னும் தேய்டா.”

தேய்த்தார்கள். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி இருந்தது. தோள் கழன்று போகும்வரை தேய்த்தாலும் அந்தப் பாழாய்ப்போன கண்ணாடி அங்கேயேதான் இருந்தது.

“இது போற அழுக்கு இல்லீங்ணா. கண்ணாடிதான் கைக்குத் தட்டுப்படுது,” என்றான் மாரப்பன் கவலையோடு.

“அப்பக் கண்ணாடியவே எடுத்தறோணும்,” என்றான் நாச்சிமுத்து. இந்த யோசனை நிஜமாகவே அவனுடையது. வேறு யாருக்கும் வராது.

தடவித் தடவி ஸ்குரூவைக் கழற்றி, கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆறுச்சாமி கையை நீட்டினான். கை உள்ளே போயிற்று.

“தெரியலீங்ணா! தேங்காய் பன்னு தெரியுது, கண்ணாடி தெரியவே இல்ல!” என்றான், பன்னை மென்றுகொண்டே.

எடுத்த கண்ணாடியை என்ன செய்வது? எங்கே வைத்தாலும் இருப்பது தெரிந்துவிடுமே. “எங்க வெச்சோம்னு நமக்கே தெரியாம வெச்சுட்டா?” என்றான் மாரப்பன். அதற்குத் தோதாகத்தான் கண்ணைக் கட்டியிருக்கிறார்களே! மூவருமாகத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். கண்ணாடி மட்டும் உடையவில்லை. எங்கேயோ ஒரு சந்தில் அதைச் சொருகினார்கள். கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

சாயங்காலம் நல்லசாமி இறங்கி வந்தார். டூட்டி முடிந்து கண்ணைத் திறந்துகொண்ட மூவரும் கைகட்டி நின்றார்கள்.

“அட!” என்றார் நல்லசாமி. “கண்ணாடி இருக்கறதே தெரியலையே! மாப்ள, கலக்கிட்டீங்க!”

மாப்பிள்ளை! நாச்சிமுத்து நாணிக் கோணினான். நல்லசாமி சந்தோஷம் தாங்காமல் கண்ணாடியில் சாய்ந்து நிற்கப் பார்த்தார். நேராக உள்ளே போய் மூன்றடுக்கு கேக்கில் முகம் குப்புற விழுந்தார்.

“கண்ணாடி எங்கடா?” க்ரீம் வழியும் முகத்தோடு கத்தினார்.

“தெரியாதுங்க மாமா,” என்றான் நாச்சிமுத்து, பெருமையாக. “எங்களுக்கே தெரியாதுங்க!”

சத்தம் கேட்டு, செண்பகாவிலிருந்து திருமூர்த்தி ஓடி வந்தார். கேட்டுக்குப் பக்கத்துச் சின்ன வழியில் வந்த வேகத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். மூக்கு சப்பையாக நசுங்கி, அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

“சாரு கண்டுபுடிச்சுட்டாரு!” என்று மூவரும் கைதட்டினார்கள்.

“உங்க மூணு பேரு சீட்டயும் கிழிச்சாச்சுடா!” என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டே திருமூர்த்தி. “அது போன மாசமே கிழிஞ்சுதுங்க சார்,” என்று ஆறுச்சாமி அவரைத் திருத்தினான்.

நல்லசாமி முகத்து க்ரீமை வழித்து எறிந்தார். “டேய், இனிமேல் என்ற மூஞ்சியில முழிக்காதே! போடா!” என்று விரட்டினார்.

நாச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். பூவாத்தாளை இழந்துவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. அவனுக்கு உறைத்தது என்றால் எவ்வளவு பெரிய துக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரு முனை போவதற்குள் சட்டென்று நின்றான்.

“டேய், மாமா வர வேண்டாம்னா சொன்னாரு?”

“இல்லீங்ணா. முழிக்க வேண்டாம்னுதான் சொன்னாரு,” என்றான் மாரப்பன்.

மறுநாள் காலை, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு மூவரும் உறுதி வார்த்தை பேசப் புறப்பட்டார்கள். மரியாதையாகக் கண்ணைக் கட்டியிருந்தார்கள். பேக்கரி வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

“மாமா, தப்பு எங்க மேலதானுங்க,” என்று நாச்சிமுத்து தாம்பாளத்தை நீட்டினான். எதிரே புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“கோவம் இன்னும் அடங்கலீங்ணா,” என்று கிசுகிசுத்தான் ஆறுச்சாமி.

கொஞ்சம் கொஞ்சமாகத் தாம்பாளம் லேசானது. வெற்றிலை போயிற்று, பழம் போயிற்று, பூவும் போயிற்று. “எடுத்துக்கிட்டாருடா!” என்றான் நாச்சிமுத்து. அப்போது எதிரிலிருந்து “ம்மா...” என்று நீளமாக ஒரு குரல் வந்தது.

“அத்தயக் கூப்படறாருங்ணா. அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கோணுமல்ல,” என்றான் மாரப்பன்.

மாடியில் பூவாத்தாள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. தடாலென்று தரையில் விழுந்து, ஆசீர்வாதம் வாங்கக் காலைத் தேடித் தடவினான்.

“நாலு காலு தட்டுப்படுதுடா,” என்றான் ஆனந்தக் கண்ணீரோடு. “அத்தயும் வந்து சேந்து நின்னுட்டாங்க!”