பொக்கிஷம் போன இடம்

முன்னொரு காலத்தில், பூட்டையும் நம்பாமல் காவலாளியையும் நம்பாமல் தூக்கத்தைத் தொலைத்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் விசயகேது. எல்லாம் ஒரு பெரிய வணிகரால் வந்த வினை. விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். "என் பணம் இருக்கும் இடம் என் மனைவிக்கே தெரியாது, மகாராஜா! பெரும் பணக்காரர்கள் அப்படித்தான் வைப்போம்" என்று பீற்றிக்கொண்டார். ராஜாவுக்கு வயிறு எரிந்தது. அவருடைய பொக்கிஷம் எங்கே இருக்கிறது என்பது ஊரில் காக்கைக்குக்கூடத் தெரியுமே!

பொக்கிஷ அதிகாரி நரசிங்க ராயருக்கு உடனே குஷி பிறந்தது. அரண்மனை விகடகவி சடகோபனை ஒழித்துக்கட்ட அவர் வெகுகாலமாகக் காத்திருந்தார்.

"அரசே, சடகோபனிடம் சாவியைக் கொடுங்கள். அவரே பொக்கிஷத்தை ஒளித்து வைத்து, இடத்தைத் தங்கள் காதில் மட்டும் சொல்லட்டும். ஆனால் இடம் தெரிந்தவர் உயிரோடு இருந்தால் அது இரகசியமாகுமா?"

கையோடு ஓலையும் எழுதி நீட்டினார்: 'பொக்கிஷம் இருக்கும் இடம் எவருக்குத் தெரிந்தாலும் அவர் தலை துண்டிக்கப்படும்.' பயம் பிடித்த ராஜா ஒரு நொடிகூட யோசிக்காமல் முத்திரை குத்தினார். இத்தனை நாள் சிரிக்க வைத்தவன் தலை என்று கொஞ்சமாவது தயங்கினாரா? அதுதான் எனக்கு ஆத்திரம்.

சடகோபன் மறுப்பே சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, மூடிய குடங்களை வண்டிகளில் ஏற்றி காட்டுப் பக்கம் போய் வந்தான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. கொலைவாளோடு சேவகன் தயாராக நின்றான். ராஜா காதை நீட்டினார்.

"சொல், சடகோபா!"

"சொல்கிறேன், அரசே. ஆனால் சொன்ன மறுகணம் இடம் தங்களுக்கும் தெரிந்துவிடும். ஓலையில் எவருக்குத் தெரிந்தாலும் என்றுதானே இருக்கிறது?"

ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்!

"ஐயோ, சொல்லாதே! ராயரிடம் சொல்!"

"எனக்கு வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" என்று ராயர் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார்.

"அப்படியானால் சபைக்கே உரக்கச் சொல்லிவிட்டுச் சாகிறேன்" என்று சடகோபன் வாயைத் திறந்தான். அவ்வளவுதான்! மந்திரி, தளபதி, புலவர் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். வெட்ட வந்த சேவகன்கூட வாளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஓலையை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"பிழைத்தாய்! இப்போதாவது சொல், பொக்கிஷம் எங்கே?"

"இருந்த இடத்திலேயே இருக்கிறது, அரசே. குடங்களில் போனது வெறும் மணல்."

"பொய்!" என்று ராயர் தூணின் பின்னாலிருந்து குதித்தார். "அத்தனை குடத்தையும் நாவல் மரத்தடியில் இவன் புதைத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

ராஜா மெல்ல எழுந்தார்.

"இவன் தலை போன பிறகு தோண்டி எடுக்கலாம் என்று ஒளிந்திருந்து பார்த்தீரோ?"

ராயர் தடாலென்று காலில் விழுந்தார். ராஜா சடகோபனிடம் சாவியை வாங்கிப் பொக்கிஷக் கதவைத் திறந்து பார்த்தார். பொன் வைத்தது வைத்தபடியே மின்னியது. அந்தச் சாவியையும் தம் முத்துமாலையையும் சடகோபனிடமே கொடுத்தார்.

சடகோபன் குனிந்து ராயரைத் தூக்கி நிறுத்தினான்.

"ராயரே, அரசர் ஓலையைக் கிழித்தாரே, அதற்கு நீரும் ஒரு கும்பிடு போடும். இடம் தெரியும் என்று இந்தச் சபையில் சத்தம் போட்டுச் சொன்னவர் நீர் ஒருவர்தான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டோடியது.