"மிக்க மகிழ்ச்சி" என்ற மைனா

ஓர் ஏரிக்கரையில், இலுப்பைத் தோப்புக்குள், பறவைகளின் பல்கலைக்கழகம் இருந்தது. நாரையார்தான் அதன் துணைவேந்தர். ஒற்றைக் காலில் நின்றபடி மணிக்கணக்கில் பேசுவார். கால் வலிப்பதென்னவோ கேட்பவர்களுக்குத்தான்.

அங்கே படித்தவர்களில் பொன்னலகி என்ற மைனாவை மிஞ்ச ஆள் இல்லை. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். அது வாத்து மொழி பேசினால் வாத்துகளே திரும்பிப் பார்க்கும்.

அந்த ஆண்டு நாரையார் புதிய படிப்பு ஒன்றைத் தொடங்கினார்.

"நம் மாணவர்கள் இந்த ஏரிக்குள்ளேயே முடங்கிவிடலாமா? கூடாது! உலகம் முழுவதும் நம் கூடு! இனி நீங்கள் எல்லாரும் உலகப் பறவைகள்!" என்று முழங்கினார்.

குளிர்காலத்தில் தூர தேசத்திலிருந்து வரும் விருந்தாளி வாத்தை அதன் மொழியிலேயே வரவேற்க வேண்டும். தேர்வு அவ்வளவுதான். பிழையில்லாமல் வரவேற்றால் 'உலகப் பறவை' பட்டம் கிடைக்கும். பட்டம் பெற்றவர் தலையில் ஒரு வெள்ளை இறகு செருகப்படும். பொன்னலகி அந்த இறகைக் கனவில் எத்தனையோ முறை சூடிப் பார்த்துவிட்டது.

"முதலில், 'வருக, வருக!' என்று சொல். விருந்தாளி ஏதாவது பேசும். பேசி முடித்ததும், 'மிக்க மகிழ்ச்சி! உங்கள் வரவால் எங்கள் ஏரி பெருமை அடைந்தது!' என்று சொல். அப்போது தலையைச் சற்றே வலப்பக்கம் சாய்க்க வேண்டும்" என்று நாரையார் பாடம் நடத்தினார்.

"ஐயா, நடுவில் விருந்தாளி என்ன பேசும்?" என்று கேட்டது பொன்னலகி.

"அது உனக்கு எதற்கு? பாடத்தில் இல்லை!"

வகுப்பே சிரித்தது. பொன்னலகி கூனிக் குறுகிப்போனது. அதற்குப் பிறகு அது எதையும் கேட்கவில்லை.

பட்டமளிப்பு விழா நாளும் வந்தது. அன்று காலை வரித்தலை வாத்து ஒன்று கரைக்கு ஓடி வந்தது. பனிமலைகளைத் தாண்டிக் கூட்டத்தோடு வந்த வாத்து அது. மார்பெல்லாம் சேறு. அது நீர்க்காகத்திடம் ஏதோ சொன்னது. நீர்க்காகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கொக்குக்கும் புரியவில்லை.

"எங்களிடம் சொல்லி என்ன பயன்? அதோ, உங்கள் பாஷை தெரிந்தவர் அங்கே இருக்கிறார்!" என்று எல்லாரும் பொன்னலகியைக் காட்டினார்கள்.

பொன்னலகிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "வருக, வருக!" என்றது, அச்சு அசல் வாத்து மொழியில்.

வாத்தின் கண்கள் மலர்ந்தன. அந்நிய மண்ணில் தன் மொழி தெரிந்த ஓர் உயிர்! அது படபடவென்று கொட்டித் தீர்த்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கோரைப் புதர்ப் பக்கம் காட்டியது. பேசப் பேச அதன் குரல் உடைந்தது.

பொன்னலகிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வாத்து மூச்சு வாங்கும் வரை காத்திருந்தது. தலையை வலப்பக்கம் சாய்த்தது.

"மிக்க மகிழ்ச்சி! உங்கள் வரவால் எங்கள் ஏரி பெருமை அடைந்தது!"

வாத்து திகைத்து நின்றது. மறுபடியும் கெஞ்சியது. பொன்னலகியும் மறுபடியும் மகிழ்ந்தது. இந்த முறை உச்சரிப்பு இன்னும் நன்றாக வந்தது.

"ஐயா, அது அழுகிறதே!" என்று நாரையாரிடம் மெல்லச் சொன்னது பொன்னலகி.

"ஆனந்தக் கண்ணீர்! தாய்மொழியைக் கேட்ட ஆனந்தம்! தேர்வில் நீ தேறிவிட்டாய்! அதையே இன்றைக்குச் சிறப்பு விருந்தினராக மேடையில் ஏற்றிவிடுவோம்!" என்றார் நாரையார்.

மேடையில் நாரையார் வெகுநேரம் பேசினார். பிறகு வெள்ளை இறகை அலகில் எடுத்தார். அந்த நேரம் வாத்து பாய்ந்து வந்து, பொன்னலகியின் இறக்கையைக் கவ்வி இழுத்தது.

"ஆகா! அவர்கள் நாட்டில் இப்படித்தான் பாராட்டுவார்களாம்! எல்லாரும் சிறகு தட்டுங்கள்!" என்றார் நாரையார்.

தோப்பே அதிர்ந்தது. ஆனால் பொன்னலகிக்குத் தெரிந்துவிட்டது. பாராட்டுகிற அலகு இப்படி நடுங்காது. என்னவோ நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது. ஆனால் வெள்ளை இறகு கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்ததே!

'இறகு தலையில் ஏறட்டும். பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தது. இறக்கையை உதறி விடுவித்துக்கொண்டு தலையைக் குனித்தது.

வாத்து அதன்பின் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தனியாகக் கோரைப் புதரை நோக்கிப் போய்விட்டது.

விருந்தில் பொன்னலகி ஒரு புழுவையும் தொடவில்லை. பாதியில் எழுந்து கோரைப் புதருக்குப் பறந்தது. அங்கே, யாரோ மீன்பிடித்துவிட்டு எறிந்த நைலான் வலையில், அந்த ஆண்டுதான் பறக்கக் கற்ற வாத்துக் குஞ்சு ஒன்று சிக்கிக் கிடந்தது. காலையிலிருந்து துடித்ததில் நூல் அதன் இறக்கையை அறுத்திருந்தது. தாய் வாத்து வலையை இழுத்து இழுத்து, அலகெல்லாம் ரத்தம். இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவைப்படவில்லை.

பொன்னலகி அலறிக்கொண்டு பறந்து, வரப்பில் குடியிருந்த வயல் எலியை அழைத்து வந்தது. எலி வலையை நறுக்நறுக்கென்று கடித்துத் தள்ளியது.

"ஏம்மா, நான் இந்தா, கூப்புடு தூரத்துலதானே இருக்கேன்! காலையிலயே ஒரு குரல் குடுத்திருந்தா இந்தப் புள்ளையோட றெக்கை பொழச்சிருக்குமே!" என்றது எலி.

பொன்னலகி தன் தலையிலிருந்த வெள்ளை இறகைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தது. எறிந்தும் வெட்கம் போகவில்லை.

குஞ்சு பிழைத்தது. ஆனால் இறக்கை தொங்கியே போயிற்று. வெயில் காலம் வந்ததும் மற்ற வாத்துகள் கூட்டமாகப் பனிமலைகளைத் தாண்டித் தங்கள் நாட்டுக்குத் திரும்பின. தாயும் மகளும் மட்டும் கரையில் நின்று, அந்தக் கூட்டம் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தன.

பொன்னலகி தினமும் அவற்றுக்கு நெல் கொண்டுவந்து போட்டது. வாயை மூடிக்கொண்டு அருகில் உட்கார்ந்து, அவை பேசுவதைக் கேட்டது. தண்ணீர், நிழல், வலி என்று ஒவ்வொரு சொல்லாகப் புரியத் தொடங்கியது.

ஒரு நாள் குஞ்சு தன் தாயிடம் கேட்டது: "அம்மா, அன்றைக்கு நீ யாரிடமும் உதவி கேட்கவில்லையா?"

"கேட்டேனே! இந்த மைனாவிடம்தான் ஓடினேன். 'என் பிள்ளை வலையில் துடிக்கிறது, வந்து காப்பாற்று!' என்று அழுதேன்."

"மைனா என்ன சொன்னது?"

தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிக்க மகிழ்ச்சி என்றது" என்றது.

ஒரு சொல் விடாமல் பொன்னலகிக்குப் புரிந்தது. அது மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. ஆனால் வாத்து மொழியில் மன்னிப்பு என்பதற்கு என்ன சொல் என்று அதற்குத் தெரியவில்லை. அந்தப் படிப்பில் அது இல்லை. அந்தத் தாயிடமே கேட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அயலார் மொழியில் அழகாகப் பேசிவிட்டால் உலகம் நமக்குச் சொந்தமாகிவிடாது; அவர்கள் அழும்போது காது கொடுத்துக் கேட்டு, உடனே எழுந்து ஓடுகிறவருக்கே உலகம் சொந்தம்.