எடை போட்ட பிறகு

"மாஸ்டர், என் உடம்பைக் கொஞ்சம் பாருங்க. ஒரு பிடி கொழுப்பு இருக்கா?"

சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார் முத்துக்குட்டி. வயது முப்பத்தைந்து. கபடியில் அது கிழட்டு வயது. கோச் ஜெபசிங் அவரைவிட ஐந்து வயது சின்னவன். முழங்கால் ஜவ்வு போனதால் ஆட்டத்தை விட்டு விசில் பிடித்தவன். இருந்தாலும் முத்துக்குட்டி அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அதில் மனுஷன் ரொம்ப ஒழுங்கு.

"இல்லண்ணே. செதுக்கி வச்ச மாதிரி இருக்கீங்க."

"அப்புறம் ஏன் மாஸ்டர் சின்னப் பயலுவகிட்டல்லாம் மாட்டுதேன்?"

நியாயமான கேள்வி. எழுபது கிலோ பிரிவில் நிற்க வேண்டும் என்று மாதக்கணக்காய் அவர் சோறு, இட்லி, வாழைப்பழம் எதையும் தொடவில்லை. முட்டை, மீன், தேங்காய், அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டபோதுகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு பிடிவாதம்! தொந்தி போன இடம் தெரியவில்லை.

ஆனால் முதல் பாதியில் பாய்ந்து பாய்ந்து பாடிப் போகிறவர், இரண்டாம் பாதியில் துவண்டுவிடுகிறார். வரப்போகிற போட்டியிலும் சொதப்பினால் அடுத்த வருஷம் அணியில் இடமில்லை என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

ஜெபசிங் விசிலை ஊதினான்.

"எல்லாரும் உப்பளத்தைச் சுத்தி ஓடிட்டு வாங்கடே. அவசரம் வேண்டாம்."

இளவட்டங்கள் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார் முத்துக்குட்டி. மூச்சுகூட வாங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப பாடுங்கண்ணே. அடுத்தடுத்து. நிக்கக் கூடாது."

முதல் ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டார். அடுத்ததில் தட்டுத்தடுமாறி ஒருவனை. அதற்கடுத்ததில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அணியிலேயே நோஞ்சான் பயல் ஒருவன் கணுக்காலைப் பிடித்து அவரை உட்கார வைத்துவிட்டான்.

மண்ணில் கிடந்தவர் பக்கத்தில் ஜெபசிங் குனிந்தான்.

"அண்ணே, அங்க நிதானமா ஓடுனீங்க. இங்க பாய்ஞ்சு பாடுனீங்க. நம்ம விளையாட்டு இதுல எது?"

முத்துக்குட்டிக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

"அப்போ சோத்தைத் தின்னு பழையபடி தொந்தி போடச் சொல்லுதீங்களா?"

ஜெபசிங் விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அழுத்தக்காரன்!

போட்டி நாள் வந்தது.

எடை போடுகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை விட்டு இறங்கின கையோடு பையன்கள் இட்லிச் சட்டியில் போய் விழுவார்கள். எடைக்காக முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் ஆயிற்றே, பாவம்.

முத்துக்குட்டிக்கு முள் எழுபதைத் தொடவே இல்லை. கம்பீரமாக இறங்கி வந்து, ஒரு ஓரமாய் உட்கார்ந்து அவித்த முட்டையை உரிக்கத் தொடங்கினார்.

ஜெபசிங் ஒரு இலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். ஆவி பறக்கிற இட்லி, சாம்பார், இரண்டு வாழைப்பழம்.

"என்ன மாஸ்டர் இது! எவ்வளவு பாடுபட்டு இறக்குன உடம்பு! இதைத் தின்னா எடை ஏறிரும்லா?"

"எடைதான் போட்டாச்சே, ஏறட்டும்."

"ஏறட்டுமா?"

"சாயங்காலம் எதிர்த்தாப்புல ஏழு பேர் நிப்பாங்கல்லா?"

"ஆமா."

"அதுல எடை மெஷின் எங்கண்ணே நிக்கும்? ஓரத்துலயா, நடுவுலயா?"

முத்துக்குட்டி முட்டையைக் கீழே வைத்துவிட்டு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் விள்ளல் உள்ளே போனதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடேயப்பா, இட்லிக்கு இவ்வளவு ருசியா!

அன்றைக்கும் மறுநாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டார். அணியும் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துப் பைனலுக்கு வந்துவிட்டது.

பைனலின் கடைசி நிமிஷம். இரண்டு அணியும் சமம். முத்துக்குட்டி பாடிப் போனார்.

ஓரத்தில் நின்றவனைத் தொட்டுத் திரும்புவதற்குள் ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். ஒருவன் இடுப்பைக் கட்டினான். இன்னொருவன் முதுகில் ஏறினான்.

"போச்சுடா!" என்றது கூட்டம்.

ஜெபசிங் கண்ணை மூடிக்கொண்டான்.

போகவில்லை. தொடையில் இன்னும் பலம் மிச்சமிருந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. கபடி கபடி கபடி என்று பாட்டு அறாமல், மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். இன்னும் ஒரு அடி. அப்புறம் அப்படியே முன்னால் விழுந்தார்.

விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

விசில்!

மைதானமே எழுந்து குதித்தது. இளவட்டங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். "அடுத்த வருஷமும் அண்ணன்தான்!" என்று கிளப் செயலாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஜெபசிங் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"அண்ணே! மூணு பேரு மேல விழுந்தானுவளே, என்ன செய்யுது?"

தோள்மேல் இருந்தபடியே முத்துக்குட்டி கத்தினார்.

"பசிக்கி மாஸ்டர்! சோறு எங்க?"