நீலம் பாரித்த டிஸ்க்

"இந்த மாதிரி ஆளை எப்படி டீச்சர் திருத்தறது?"

அறிக்கையை மேசைமேல் விசிறினார் பொறியாளர் வைகுந்தன். ஓங்கி விசிறினால் நியாயம் தன் பக்கம் வந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு.

மின் நிலையத்தின் டர்பைன் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. ஒரு காலத்தில் பில்கிஸ் டீச்சரிடம் மாலை வகுப்பில் படித்தவர், டீச்சரைவிட நான்கு வயது மூத்தவர். டீச்சர் இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். டர்பைன் எதனால் கெட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

"யாரைச் சொல்றீங்க?"

"ஆபரேட்டர் ஸ்தனிஸ்லாஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். டர்பைன்ல சுத்தற டிஸ்க்கைக் கருக்கிட்டான். விளிம்பெல்லாம் நீலம் பாரிச்சு, விரிசல் விட்டுக் கிடக்கு. நாளைக்கு அவனை வீட்டுக்கு அனுப்பறோம். உங்க கையெழுத்துதான் பாக்கி."

"இத்தனை வருஷம் கருக்காதவர் இப்ப ஏன் கருக்கினாரு?"

"அசட்டை. வேற என்ன?"

"நீங்க எதையும் மாத்தலையா?"

"நல்லதுக்குத்தான் மாத்தினேன். டிஸ்க் நடுவுல குளிர்காத்து விடறோமில்ல, அது சும்மா வீணாப் போச்சு. வால்வை முக்கால்வாசி மூடினேன். நிலையத்தோட திறன் ஏறிச்சு, மேலிடத்துல கூப்பிட்டுப் பாராட்டினாங்க. இவன் மட்டும் வேண்டாம் வேண்டாம்னு புலம்பிக்கிட்டே இருந்தான். ஆபரேட்டருக்கு என்ன தெரியும்?"

டீச்சர் எழுந்தார்.

பட்டறை மூலையில், மோட்டாரில் மாட்டிய ஒரு டிஸ்க். அதற்கு முன்னால் விரல்கடை இடைவெளி விட்டு ஒரு கண்ணாடித் தகடு. தகட்டின் நடுவில் ஓட்டை.

சுவிட்சைப் போட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி ஓட்டையருகே பிடித்தார். புகை விறுவிறுவென்று உள்ளே போனது. சுழலும் டிஸ்க்கின்மேல் பரவி, விளிம்பு வழியாக வெளியே பறந்தது.

"ஓட்டையை மூடுங்க."

வைகுந்தன் கட்டைவிரலை வைத்து அடைத்தார்.

டீச்சர் ஊதுபத்தியை விளிம்புக்குக் கொண்டுபோனார். இப்போது புகை விளிம்பு இடுக்கு வழியாகத் திருடன் மாதிரி உள்ளே நுழைந்தது.

"உங்க டர்பைன்ல விளிம்புக்கு வெளிய என்ன இருக்கு?"

வைகுந்தன் இடுக்கில் நுழையும் புகையையே பார்த்தார்.

"சொல்லுங்க சார்."

"எரிஞ்ச வாயு. ஆயிரம் டிகிரி."

சொல்லிவிட்டாரே தவிர, கோபம் அடங்கவில்லை. "இந்த டிஸ்க் ஏன் அதைப் போய் இழுக்கணும்? சும்மா சுத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

டீச்சருக்கு வந்ததே ஆத்திரம்.

"சுத்தச் சொன்னது நீங்க! சுத்தற டிஸ்க் காத்தை வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கும். தள்ளினதுக்கு ஈடா எதையாவது இழுத்தே தீரும். குளிர்ந்ததை நீங்க குடுக்கல. அது நெருப்பை இழுக்காம என்ன செய்யும்? அந்த மனுஷன் தலைதலையா அடிச்சிக்கிட்டிருக்காரு, உங்க காதுல விழல!"



வைகுந்தன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மெல்ல எடுத்தார். விளிம்பில் நுழைந்துகொண்டிருந்த புகை வெளியே திரும்பியது.

"இந்த அறிக்கையைக் கிழிச்சிடட்டுமா, டீச்சர்?"

டீச்சர் அதை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பேனாவை வைகுந்தன் பக்கம் நகர்த்தினார்.

"எதுக்குக் கிழிக்கணும்? அசட்டை, யார் பேச்சையும் கேக்கறதில்ல, டிஸ்க்கைக் கருக்கினது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பேரை மட்டும் மாத்துங்க. நான் கையெழுத்துப் போடறேன்."