மிச்சத் தொகுதியின் உறுப்பினர்

சுவரில் ஒரு தேசம் இருந்தது. அதன் பெயர் ஆண்டு. நாம் அதைக் காலண்டர் என்போம். காலையில் எழுந்ததும் ஒரு தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். உள்ளே ஒரு நாடாளுமன்றமே நடந்துகொண்டிருந்தது நமக்கு எங்கே தெரிந்தது?

அதில் முந்நூற்று அறுபத்தைந்து உறுப்பினர்கள். ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை, ஒவ்வொருவருக்கும் இருபத்துநாலு மணி நேரம் தொகுதி. கட்சிகள் ஏழு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நமக்குத் தெரிந்த அதே ஏழுதான். அவைத் தலைவர் ஆணி. எந்தக் கட்சியையும் சேராதவர், ஆனால் எல்லாக் கட்சியின் பாரமும் அவர் தலையில்தான் தொங்கியது. பாவம் மனுஷன்.

இந்த அவையில் ஆட்சி அமைவதே ஒரு வேடிக்கை. ஏழு கட்சிக்கும் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாக இடம் பிரித்துக் கொடுத்தால் ஒரே ஓர் உறுப்பினர் மிஞ்சுவார். வருஷம் எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கட்சிக்கு அவர் போவார். அதற்கு ஐம்பத்துமூன்று ஆகிவிடும், அதுவே ஆளும் கட்சி. மறு வருஷம் பிறந்ததும் அத்தனை உறுப்பினரும் மூட்டை முடிச்சோடு அடுத்த கட்சி பெஞ்சுக்குப் போய் உட்காருவார்கள். திங்களில் இருந்தவர் செவ்வாய்க்கு, செவ்வாயில் இருந்தவர் புதனுக்கு. ஒருவர் தாவினால் அது கட்சித் தாவல், பதவி போய்விடும். எல்லாரும் சேர்ந்து தாவினால் அது மரபு! ஆட்சியும் அப்படியே ஒவ்வொரு கிழமையாகக் கைமாறி வந்தது.

இதில் குழப்படி பண்ணுகிறவர் பிப்ரவரி இருபத்தொன்பது ஒருவர்தான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு நாள் வருவார். அவர் வந்தால் மிஞ்சுகிறவர் ஒருவர் என்பது இரண்டு பேர் ஆகிவிடும். வருஷம் பிறந்த கிழமைக்கும் அதற்கு அடுத்த கிழமைக்கும் ஐம்பத்துமூன்று ஐம்பத்துமூன்று. இரண்டும் சேர்ந்து கூட்டணி ஆட்சி நடத்த வேண்டும். அடுத்த வருஷம் ஆட்சி அந்த இரண்டையும் தாண்டி மூன்றாவது கட்சிக்குப் போய்விடும்.

அந்த வருஷம் திங்கட்கிழமையில் பிறந்தது. திங்கள் கட்சி ஆண்டுகொண்டிருந்தது. அடுத்த வருஷம் தனி ஆட்சி நமக்குத்தான் என்று செவ்வாய்க் கட்சி மேளக்காரர்களுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டது. பிப்ரவரி பாதியில்தான் யாரோ ஞாபகப்படுத்தினார்கள், "இந்த வருஷம் இருபத்தொன்பது வருவாரே? அப்ப இந்த வருஷமே திங்களோட பாதி ஆட்சி. அடுத்த வருஷம் நேரா புதனுக்குப் போயிடும்."

செவ்வாய்க் கட்சித் தலைவர் ஜனவரி இரண்டு. அவர் என்றைக்குமே கடுகடு. ஏன் இருக்காது? வாழ்த்து, கேக், கோயில் கூட்டம் எல்லாம் ஜனவரி ஒன்றுக்கு. விடிந்தால் இவருக்குக் கிடைப்பது ஊசிப்போன கேக்கும், நேற்று எடுத்த சபதத்தை இன்று கைவிடுகிறவர்களின் கொட்டாவியும்தான். இந்தத் தனி ஆட்சியைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

"அந்த ஆளை உள்ளயே விடக் கூடாது. வர்ற அன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறோம்," என்றார்.

அந்த நாளும் வந்தது. இருபத்தொன்பது குளித்து முழுகி, நாலு வருஷமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு பக்கத்துக்கு எழுதிய பேச்சோடு சிரித்த முகமாக உள்ளே வந்தார். இந்த முறை அவருக்கு வியாழன் கட்சி பெஞ்சில் இடம். நாற்காலியில் ஒரு தாள் கிடந்தது. எடுத்துப் படித்தார்.

'அனுமதியின்றி அறுபது அமர்வுகளுக்கு மேல் வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அறிவிக்கப்பட வேண்டும்' என்று தீர்மானம். இவரோ ஆயிரத்து நானூற்று அறுபது அமர்வுகளாக வரவில்லை. வேறு யாருக்காவது பதவி போனால் முன்னாள் உறுப்பினர் என்று போர்டாவது மாட்டிக்கொள்ளலாம். இவருக்கு அதுவும் இல்லை. காலண்டரில் இல்லாவிட்டால் அப்படி ஒரு தேதியே உலகத்தில் இல்லை.

ஜனவரி இரண்டு எழுந்து தொண்டையைச் செருமினார். "அவைத் தலைவர் அவர்களே! நாங்க வெயில்னு பாக்காம, மழைன்னு பாக்காம வருஷா வருஷம் வர்றோம். இவர் மாப்பிள்ளை மாதிரி நாலு வருஷத்துக்கு ஒருக்கா வந்து உக்காந்துட்டு, ஆட்சியையே மாத்திட்டுப் போறார். இது எந்த ஊர் நியாயம்?"

மேசைகள் தடதடத்தன. ஏழு கட்சியுமே என்றைக்கோ ஒரு நாள் இவரால் தனி ஆட்சியை இழந்தவைதான். அந்தக் கடுப்பு எல்லாருக்கும் இருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க," என்றார் ஜனவரி இரண்டு. "எங்க எல்லாருக்கும் தொகுதி இருக்கு. இவருக்கு எது தொகுதி?"

இருபத்தொன்பது மெல்ல எழுந்தார். "மிச்சம், ஐயா."

"என்னது?"

"மிச்சம். அதுதான் என் தொகுதி."

அவை கொல்லென்று சிரித்தது. ஏப்ரல் ஒன்று பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டது. "நான்தான் பெரிய காமெடின்னு நினைச்சேன்டா சாமி!"

ஆணி மட்டும் சிரிக்கவில்லை. "விளக்கமாச் சொல்லுங்க," என்றார்.

"பூமி சூரியனை ஒரு சுத்து சுத்தி வர முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் மட்டும் பத்தாதுங்கய்யா. மேற்கொண்டு ஒரு ஆறு மணி நேரம் ஆகும். நாளெல்லாம் உங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டீங்க. அந்த ஆறு மணி நேரத்தை யாரும் சேத்துக்கல. ஒரு வருஷத்துக் கால்நாளை வெச்சுக்கிட்டு ஓர் உறுப்பினரை அனுப்ப முடியாது. நாலு வருஷத்துக் கால்நாளும் ஒண்ணு சேந்தாத்தான் நான். வர மாட்டேன்னு வீட்ல உக்காந்திருக்கலை, ஐயா. என்னை அனுப்புறவங்க அதுக்குள்ள சேந்து முடியறதில்லை."

"இதையெல்லாம் யார் பாத்தா?" என்றார் ஜனவரி இரண்டு.

"வாசல்லதான் நிக்கிறாங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

ஆணி கூப்பிடச் சொன்னார். பார்வையாளர் மாடத்துக்கு நாலு கால்நாட்கள் வந்தன. மாடத்தில் நாற்காலி காலியில்லை, ஓரமாக நின்றன. மூத்தவள் கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். கடைக்குட்டி அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது.

"நான் வந்து மூணு வருஷம் ஆச்சுங்க," என்றாள் மூத்தவள். "உள்ள வரலாமான்னு கேட்டா, நீ எந்தத் தேதின்னு கேக்கறாங்க. நான் எந்தத் தேதின்னு சொல்லட்டும்? அப்படியே நின்னுக்கிட்டு இருக்கேன்."

மணி ஒன்றரை. அன்று வியாழன், ராகுகாலம் தொடங்கிவிட்டது. அந்த அவையில் ராகுகாலத்தில் ஓட்டெடுப்பு நடத்தும் வழக்கம் கிடையாது. ஆணி மூன்று மணி வரை ஒத்திவைத்தார். இருபத்தொன்பதுக்கு இருந்ததே ஒரு நாள், அதில் ஒன்றரை மணி நேரம் இப்படிப் போயிற்று. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவர் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுந்தால் திரும்பி உட்கார விடுவார்களோ மாட்டார்களோ.

மூன்று மணிக்கு அவை கூடியதும் ஜனவரி பதினாலு எழுந்தார். பொங்கல் பிறக்கும் நாள் என்பதால் அவருக்கு அவையில் தனி மரியாதை.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கால்நாளெல்லாம் உள்ள வராம வாசல்லயே நின்னா, என் பொங்கலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகும்," என்றார் ஆணி. "நாம அதைச் சேக்கலைன்னாலும் பூமி அந்த ஆறு மணி நேரமும் சுத்தித்தான் தீரும். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாம் தள்ளிப் போகும். நூறு வருஷத்துல இருபத்தஞ்சு நாள். பொங்கல் பிப்ரவரி எட்டுக்குப் போயிடும்."

ஜனவரி பதினாலு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபக்கம் பிப்ரவரி எட்டு துள்ளிக் குதித்தது. பிறந்ததிலிருந்து அதைச் சீந்த நாதியில்லை. "தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன்! கரும்பு எனக்கு! பொங்கப்பானை எனக்கு!"

"இருப்பா," என்று குறுக்கே வந்தது ஜூன் ஒன்று. "அப்ப மே மாசத்துக் கத்திரி வெயில்?"

"அது உனக்கு வரும்," என்றார் ஆணி.

"ஐயையோ! நான் பள்ளிக்கூடம் திறக்கிற நாளுங்க! பிள்ளைங்க புது பையை மாட்டிக்கிட்டு வருமே, தார் ரோட்டுல வெந்து போயிடுமே!" ஜூன் ஒன்றுக்குக் குரலே உடைந்துவிட்டது.

மே நாலு மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தது. "போகட்டும்யா. வருஷா வருஷம் என் பேரைச் சொல்லித்தான் திட்டறாங்க. கொஞ்ச நாள் உன்னைத் திட்டட்டும்."

பிறகென்ன, அவை சந்தைக்கடை ஆகிவிட்டது. மழை யாருக்கு, பனி யாருக்கு, திருவிழா யாருக்கு என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். வரப்போவது நல்லது என்று நினைத்தவர்கள் தீர்மானத்தின் பக்கம், கெட்டது என்று நினைத்தவர்கள் எதிர்ப்பக்கம். கிட்டத்தட்ட சரிபாதி. ஜனவரி இரண்டு கையைத் தூக்கினார்.

"யார் எப்படி வேணா பிரியுங்க. என் செவ்வாய்க் கட்சி ஓட்டு மொத்தமும் தீர்மானத்துக்குத்தான். கொறடா உத்தரவு போட்டாச்சு. ஓட்டெடுப்பை நடத்துங்க!"

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இருபத்தொன்பதுக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஆனாலும் எழுந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி. நான் போயிட்டா அடுத்த வருஷம் செவ்வாய்க் கட்சி தனியா ஆளும், சரி. அப்ப நீங்க எந்தக் கட்சியில இருப்பீங்க?"

"இதென்னய்யா கேள்வி? நான் செவ்..."

ஜனவரி இரண்டு பாதியில் நிறுத்தினார். விரலை மடக்கிப் பார்த்தார். இந்த வருஷம் செவ்வாய். வருஷம் பிறந்தால் எல்லாரும் ஒரு பெஞ்ச் தள்ளி உட்கார வேண்டும். "புதன்," என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

"அப்ப செவ்வாய்ல இருக்கப் போறது?"

"நாங்கதான்!" என்று திங்கள் கட்சி மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. இந்த வருஷமும் அவர்கள், அடுத்த வருஷமும் அவர்கள்! அவர்களுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய் பெஞ்சில் ஜனவரி ஒன்பது தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. "என்ன தலைவரே இது! இந்த மனுஷன் வந்தா இந்த வருஷமே நமக்குப் பாதி ஆட்சி. அதை உதறிட்டு, அவங்களுக்கு முழுசா வாங்கிக் குடுக்கவா காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்தறோம்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் ஜனவரி இரண்டு பரிதாபமாக. "கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்ப, அது இன்னும் எத்தனை நாளைக்கு நம்ம கையில இருக்கும்னு யாருய்யா யோசிக்கிறா?"

ஆணி தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார். "ஆதரிக்கிறவர்கள் ஆம் என்க." திங்கள் கட்சியிலிருந்தும், பிப்ரவரி எட்டு மாதிரி ஆசைப்பட்ட சில பேரிடமிருந்தும் 'ஆம்' வந்தது. "எதிர்க்கிறவர்கள் இல்லை என்க." சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி ஒரு 'இல்லை' எழுந்தது. செவ்வாய்க் கட்சியின் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்டது.

நியாயத்துக்காகச் சொன்னவர் எத்தனை பேர், லாபத்துக்காகச் சொன்னவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வேண்டாம். பிப்ரவரி இருபத்தொன்பதின் இடம் தப்பித்தது. பக்கத்து பெஞ்ச் இருபத்தெட்டு அவர் தோளைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தது. மடக் மடக்கென்று குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"உறுப்பினர் இப்போது தன் தொகுதிக்காகப் பேசலாம்," என்றார் ஆணி. "அவை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

இருபத்தொன்பது ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டது. நாலு வருஷத்துக்கு அவருக்கு இருப்பதே ஒரு நாள். அந்த ஒரு நாளும், நான் இருக்கலாமா கூடாதா என்று வாதாடுவதிலேயே போய்விட்டது. கையிலிருந்த நாலு பக்கப் பேச்சைப் பார்த்தார். அதில் என்னென்னவோ எழுதியிருந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பேச ஒண்ணும் இல்லைங்கய்யா. அவங்க நாலு பேரும் உள்ள வந்து உக்காரட்டும்."

ஆணி தலையசைத்தார். நாலு கால்நாட்களும் மாடத்திலிருந்து இறங்கி வந்தன. இருபத்தொன்பது எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். நாலு பேரும் நெருக்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, எப்படியோ அந்த ஒரே நாற்காலியில் அடங்கிவிட்டார்கள். கடைக்குட்டி உட்கார்ந்த உடனே தூங்கிப் போயிற்று. மூத்தவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று வருஷமாக நின்ற உடம்பைப் பின்னால் சாய்த்தாள்.

"அப்பாடா," என்றாள்.

அன்றைய அவைக் குறிப்பைப் புரட்டினால், மிச்சத் தொகுதியின் சார்பில் பேசப்பட்டது என்ற இடத்தில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.